நெல்லையில் காந்தி சொன்னதும் தாகூர் மறுத்ததும்

படைத்த கடவுள் நம் காரியங்களில் தலையிடுவாரா, இல்லை படைத்ததோடு ஒதுங்கிக்கொண்டாரா? 1934-ல் இந்தியாவின் இரண்டு பெரியவர்கள் இதை வைத்து ஊரறிய வாதிட்டார்கள். வாதத்துக்குக் காரணமான பேச்சு நம் திருநெல்வேலியில் பேசப்பட்டது என்பது நம்மூர்க்காரர் பலருக்கே தெரியாது.

1934 ஜனவரி 15 பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின் வட பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா நகரங்களில் பெருஞ்சேதம். வயல்களில் நிலம் பிளந்து, மணலும் தண்ணீரும் பொங்கி விளைநிலத்தை மூடின. இரண்டு பக்கமும் சேர்த்துப் பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

அப்போது காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் இந்தப் பூகம்பம் என்று பேசினார். மூடநம்பிக்கை என்பார்கள் என்று தெரிந்தேதான் பேசினார்.

செய்தியைப் படித்த தாகூர் திடுக்கிட்டார். தீண்டாமையை அவரும் வெறுத்தவர். கடவுள் நம்பிக்கை உள்ளவரும்கூட. ஆனாலும், இயற்கையின் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்றார். நல்லவன் கெட்டவன் பாராமல் கூட்டமாகக் கொன்று பாடம் புகட்டுவதுதான் கடவுளின் வழி என்றால், அந்தக் கடவுளைவிட மனிதனே மேலானவன் ஆகிவிடுவான் என்றார். இன்னொன்றும் சொன்னார்: இந்த வாதம் காந்தியின் எதிரிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும், காந்தியின் இயக்கத்தால்தான் பூகம்பம் வந்தது என்று அவர்கள் சொன்னாலும் தமக்கு வியப்பில்லை.

காந்தி அந்த மறுப்பை மறைக்கவில்லை. பிப்ரவரி 16 தேதியிட்ட தம்முடைய 'ஹரிஜன்' இதழில் முழுமையாக வெளியிட்டு, பக்கத்திலேயே பதிலும் எழுதினார். தம் நம்பிக்கையை நிரூபிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார். கேலிக்குப் பயந்து அதைச் சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் என்றார். பீகாரின் இடிபாடுகளை நேரில் பார்த்த நேருவோ, காந்தியின் பேச்சு தமக்கு அதிர்ச்சி தந்ததையும் தாகூரின் பதிலே தமக்கு உடன்பாடு என்பதையும் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவன். இந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு வருஷம் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "சார், அந்தப் பூகம்பத்துல தாழ்த்தப்பட்டவங்களும்தானே செத்திருப்பாங்க? அவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்டான். காந்தி பக்கம் நின்று எவ்வளவோ சொல்லலாம். அவர் பீகார்க்காரர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. 'நாம் செய்த பாவம்' என்று தன்னையும் சேர்த்தே சொன்னார். பிறகு பீகாருக்கே போய் நிவாரணப் பணியிலும் நின்றார். ஆனாலும் அந்தப் பையனின் கேள்விக்கு இதெல்லாம் பதில் ஆகாது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது அதே பேச்சு திரும்பவும் கிளம்பியது. யாரோ செய்த பாவம், எந்த மதத்துக்கோ கிடைத்த தண்டனை என்று டீக்கடையில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்தவர்களும் அதில் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் எதிரில் நின்று யாராவது அந்தக் காரணத்தைச் சொல்வார்களா?

தீண்டாமை பூகம்பத்துக்குப் பயந்து ஓடிவிடவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1939 ஜூலை 8 அன்று, மதுரை வைத்தியநாத ஐயர் கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். எதிர்ப்பு இருந்தது, மிரட்டல் இருந்தது, போனார்கள்.

நானும் தினம் திருநீறு பூசுகிறவன்தான். கடவுள் தலையிடவே மாட்டார் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. தலையிட்டால், மதுரையில் அன்று அந்த ஐயருக்கும் கக்கனுக்கும் வந்த துணிச்சலாக வந்திருப்பார் என்று நினைக்கிறேன். முங்கேரில் இடிந்து விழுந்த சுவராக அவர் வந்தார் என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.