மோரி: டிராம்பேயில் உடலைப் பேணியதன் வரலாறு

1960-களில் ஒரு நாள், பம்பாயின் கிழக்கு ஓரத்தில் டிராம்பேயை ஒட்டியிருந்த ஜனதா காலனியின் சிறுவர் சிறுமியர் திரளாகச் சுற்றுலாவுக்குப் புறப்பட்டனர். ஒவ்வொருவர் கையிலும் காகிதத்தில் பொதிந்த ஏறத்தாழ ஒரு கிலோ குப்பை இருந்தது. மாநகராட்சி அள்ளாமல் விட்டதால் குடியிருப்பின் சந்துகளில் குவிந்துகிடந்த குப்பை அது. பிள்ளைகள் நேராக மாநகராட்சி அலுவலகத்துக்குச் சென்று, பொட்டலங்களை அதன் முன்னே கொட்டிவிட்டுத் திரும்பினர். குப்பையை அகற்றுவது பற்றி அதிகாரிகள் அதன் பின்னரே பேசத் தொடங்கினர். இதை ஏற்பாடு செய்த ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, 1963-இல் பம்பாய்க்கு வந்து, தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கியதும், 2000-ஆம் ஆண்டில் மகசேசே விருது பெற்றதும் பிற்காலக் கதை.

இந்நிகழ்ச்சி வழக்கமாகக் குடிசைப்பகுதி இயக்கங்களின் வரலாற்றில் இடம்பெறும். மனிதர் தம் உடலை அன்றாடம் பேணிக்கொண்ட வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம். குளியல், கழிப்பறை, தலைமுடி, உறக்கம், குடிக்கும் நீர் ஆகியவை தனி மனிதரின் பழக்கங்கள் என்றே எழுதப்பட்டு வந்திருக்கின்றன. டிராம்பேயில் அவற்றைத் தனியாகச் செய்ய ஒருவராலும் இயலவில்லை.

முதலில் மொழியைக் கவனிக்கலாம். ‘சுயபராமரிப்பு’, ‘தற்பேணல்’ போன்ற சொற்கள் அண்மைக்கால ஆக்கங்கள். பேச்சுத் தமிழில் அந்த இடத்தில் நிற்பது ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்னும் தொடர். அதிலுள்ள ‘கொள்’ என்னும் துணைவினை, செயலின் பயன் செய்தவரிடமே திரும்புவதைக் காட்டுவது. ‘குழந்தைக்குத் தலை சீவினாள்’ என்பதற்கும் ‘தலை சீவிக்கொண்டாள்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். ஆனால் அதே தமிழ் ‘குழந்தையைப் பார்த்துக்கொள்’ என்றும் ‘வீட்டைப் பார்த்துக்கொள்’ என்றும் சொல்கிறது. பேணப்படுவது பிறரே ஆயினும் ‘கொள்’ விலகுவதில்லை. இதிலிருந்து தமிழரின் கூட்டு மனம் பற்றிப் பெருமிதமாக ஒரு முடிவுக்கு வந்துவிடுவது எளிது, அவசரம் வேண்டாம். அந்த ஏவலை வீடுகளில் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். பார்த்துக்கொள்ளும்படி பெண்களிடம் சொல்லப்படுகிறது. அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு இலக்கணத்தில் விடை இல்லை.

பழைய நூல்களுக்கும் இந்த இடம் கண்ணில் படவில்லை. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான ‘மருந்து’, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதை வலியுறுத்துகிறது. தேரையர் பெயரால் வழங்கும் பிணி அணுகா விதி, நான்கு நாளுக்கொரு முறை எண்ணெய் முழுக்கு, நான்கு மாதத்துக்கொரு முறை பேதி மருந்து என உடலுக்கு நாட்காட்டியே வகுக்கிறது. ஆண்களுக்குச் சனிக்கிழமை, பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்னும் எண்ணெய்க் குளியல் வழக்கமும் இந்த மரபைச் சேர்ந்ததே. இவை நல்ல விதிகள். ஆனால் வெந்நீர் காயவைக்க விறகு சேர்த்தவர் யார், கிணற்றிலிருந்து நீர் இறைத்தவர் யார், எண்ணெய் ஊறக் காத்திருக்கும் நேரம் யாருக்கு இருந்தது என்று விதி கேட்பதில்லை. இது தமிழுக்கு மட்டும் உரிய குறை அன்று. மிஷெல் ஃபூக்கோ 1984-இல் வெளியான தம் பாலியல்பு வரலாற்றின் மூன்றாம் தொகுதியில் கிரேக்க, உரோமானியரின் தன்னைப் பேணும் கலையை விரித்து எழுதினார். அக்கலையைப் பயின்றவர்கள் பெரும்பாலும் அடிமைகள் ஊழியம் செய்த வீடுகளின் ஆண்கள்.

நீரைத் தொடும் உரிமையே மறுக்கப்பட்டவர்களுக்கு இத்தகைய நாட்காட்டி எதுவும் பொருந்தியதில்லை. ஊர்ப் பொதுக்கிணற்றிலும் குளத்திலும் இறங்கக் கூடாது என்று விலக்கப்பட்ட சாதியினருக்கு, குளியல் என்பது முதலில் உரிமைப் பிரச்சினை. உடல்நலம் அதன் பின்னரே வரும். 1927 மார்ச் 20 அன்று, பம்பாய் மாகாணத்தின் மகாடில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினர். தென் தமிழகத்திலிருந்தும் ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பம்பாய்க்கு வந்த தலித் தொழிலாளர்கள் பலருக்கு, சாதி கேட்காத குழாய் என்பதே நகரத்தின் வாக்குறுதிகளுள் ஒன்றாக இருந்தது. குழாய் சாதி கேட்கவில்லைதான், முகவரியைக் கேட்டது.

டிராம்பே, நகரம் தன் அருகில் வைத்துக்கொள்ள விரும்பாத அனைத்தையும் தள்ளிவிட்ட இடம். தியோனார் குப்பைக்கிடங்கு 1927 முதல் அங்கே இயங்கி வருகிறது. 1950-களின் நடுவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அனல்மின் நிலையமும் எழுந்தன. 1954-இல் அணுசக்தி நிறுவனம் அமைந்தது. 1956 ஆகஸ்டில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளும் அதே வட்டாரத்துக்கே அனுப்பப்பட்டனர். அவ்வாறு உருவானதுதான் ஜனதா காலனி. ஆகவே அது ஆக்கிரமிப்பு அன்று. அரசு அமைப்புகள் கைகாட்டிய இடத்தில் மக்கள் கட்டிக்கொண்ட ஊர். தமிழர் பெருமளவில் வாழ்ந்த அவ்வூரின் மக்கள்தொகை 1970-களின் நடுவில் ஏறத்தாழ 70,000.

அவ்வூரிலும் அது போன்ற பம்பாய்க் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழர், உடலைப் பேணுவதற்கான சொற்களை நகரத்திடமிருந்தே பெற்றனர். அறைக்குக் கோலி என்று பெயர். (ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்குக் கோலி என்றால் சிறுவர் உருட்டும் குண்டு.) கழிப்பறை சண்டாஸ். அறையின் ஒரு மூலையில் முழங்காலுக்கும் தாழ்ந்த ஒரு தடுப்பு, சுவரடியில் நீர் வெளியேற ஒரு துளை, அது மோரி. இந்தியிலும் மராத்தியிலும் வடிகாலைக் குறிக்கும் அச்சொல், ஒற்றை அறை வீட்டில் குளியலறைக்கும் பாத்திரம் துலக்கும் இடத்துக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் ஒருசேரப் பெயரானது. கொல்லைப்புறம், கிணற்றடி, ஆற்றங்கரை என்று தமிழ் பிரித்து வைத்திருந்த இடங்கள் யாவும் இரண்டு மூன்றடிச் சதுரத்துக்குள் வந்து ஒடுங்கின.

மோரியில் குளிப்பதற்கு ஒரு சேலைத்திரை வேண்டும். அதைவிட, மற்றவர்கள் வேறு பக்கம் திரும்பியிருக்கும் நாகரிகம் வேண்டும். ஆண்கள் வெளியே போன பின்னரோ எழுவதற்கு முன்னரோ குளித்து முடிப்பது பெண்களின் ஒழுங்கு. நீர் எப்போது வரும் என்பதை நிர்ணயிப்பது வேறொருவர். மும்பையில் தெருவுக்கு அடியிலுள்ள வால்வுகளைத் திறந்து மூடும் மாநகராட்சி ஊழியருக்குச் சாவிவாலா என்று பெயர். எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் நீர் என்பது அவர் திருப்பும் சாவியைப் பொறுத்தது. உறக்கத்தின் நேரம், சமையலின் நேரம், தலைக்குக் குளிக்கும் நாள் எல்லாம் அந்த அட்டவணைக்கு அடங்கியவை. தேரையர் விதித்த நான்காம் நாள் முழுக்கு இங்கே தீபாவளி அளவுக்குச் சுருங்கியதில் வியப்பில்லை. அன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது மராத்தியருக்கும் வழக்கம். சந்தின் இருபுறத்தாரும் ஒரே வைகறையில் குளிப்பதற்கான நீரை முந்தைய நாளே பிடித்துவைக்க வேண்டும்.

அவசரநிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று, ஜனதா காலனி காவல்துறையின் துணையோடு இடித்து அகற்றப்பட்டது. நிலம் அணுசக்தித் துறைக்குத் தேவைப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீடித்த வழக்குகளும் மனுக்களும் இடிப்பைத் தள்ளிப்போட உதவின. அவசரநிலை அந்த வழியையும் அடைத்தது. மக்கள் சில கிலோமீட்டர் தொலைவில், கழிமுகத்தை ஒட்டிய தாழ்வான சேற்று நிலத்துக்கு மாற்றப்பட்டனர். அதுவே இன்றைய சீத்தா கேம்ப்.

இடிப்பு பற்றிய எழுத்துகள் வீடுகளையும் குடும்பங்களையும் எண்ணுகின்றன. மோரிகளை யாரும் எண்ணவில்லை. ஆனால் இழப்பின் அளவு அங்கேதான் விளங்கும். ஏறத்தாழ கால் நூற்றாண்டில் மக்கள் தம் செலவிலும் உழைப்பிலும் அமைத்துக்கொண்ட வடிகால், அண்டை வீட்டாரோடு பேசி முடிவுசெய்த நீர் முறை, எந்த நேரத்தில் எந்தச் சந்து பெண்களுக்குப் பாதுகாப்பானது என்னும் அறிவு ஆகியவற்றை லாரியில் ஏற்ற முடியாது. அடுத்த மாதமே மழைக்காலம் தொடங்கும் நகரத்தில், சேற்று மனையில் உடலைக் கழுவிக்கொள்ளும் கலையை முதலிலிருந்து உண்டாக்க வேண்டியிருந்தது. அழுக்கானவர்கள் என்னும் பழியும் கூடவே வந்தது. தூய்மைக்கான வசதிகளைப் பறித்த அரசே, தூய்மையைப் பற்றிப் பாடமும் எடுத்தது.

இச்சூழல் பெண்களிடம் தலைகீழான ஓர் உடல் விதியை உருவாக்கியது. கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டும், இருட்டில் போக முடியாது என்பதால் நீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது. இந்தியக் குடிசைப்பகுதிகளைப் பற்றிய ஆய்வுகள் இவ்வழக்கத்தைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்துள்ளன. மருத்துவம் இதைச் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கான காரணங்களுள் ஒன்றாகப் பார்க்கும். அந்தப் பெண்ணின் பார்வையிலோ அது தன்னைக் காத்துக்கொள்ளும் உத்தி. உடலைக் கெடுப்பதே உடலைக் காப்பதாகும் இந்த நிலையை, நாளொன்றுக்கு எட்டுக் குவளை நீர் அருந்தச் சொல்லும் அறிவுரையால் தொடவே முடியாது.

அற்புதத்தின் கூட்டமைப்பு, 1984-இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஸ்பார்க் அமைப்போடும் மகிளா மிலன் என்னும் பெண்கள் குழுக்களோடும் சேர்ந்து, பின்னர்க் கழிப்பறைகளைக் கையில் எடுத்தது. அவர்கள் கட்டிய சமுதாயக் கழிப்பறைகளின் வரைபடம் ஒரு சமூக ஆவணமாகவே வாசிக்கத் தக்கது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வாயிலும் வரிசையும் இருந்தன. குழந்தைகளுக்கென்று தனி இடம் இருந்தது; சிறு பிள்ளைகள் பெரியவர்களின் ஆழமான குழியைக் கண்டு அஞ்சுவர், வரிசையிலும் பின்னுக்குத் தள்ளப்படுவர் என்பதைத் தாய்மார் அறிந்திருந்தனர். காவலருக்கு ஓர் அறை இருந்தது. கட்டி முடித்த கழிப்பறைகளைத் திறந்துவைக்கச் ‘சண்டாஸ் மேளா’ என்று விழா எடுத்து, அதிகாரிகளையும் விருந்தினரையும் அழைத்தனர். ஏழைகளின் மலம் என்னும் அவமானப் பொருளை அவர்கள் பொதுப் பேச்சாக மாற்றிய விதத்தை அர்ஜுன் அப்பாதுரை 2001-இல் விரிவாக எழுதினார். அப்பாதுரையின் கட்டுரை புகழ்பெற்ற அளவுக்கு, குழந்தைக் கழிப்பறையை வரைந்த தாய்மாரின் பெயர்கள் பரவவில்லை.

இங்கே கடல் கடந்த ஒரு பெயரையும் சேர்க்கலாம். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லோர்ட், கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோயோடு வாழ்ந்த ஆண்டுகளில் எழுதியவற்றை 1988-இல் நூலாக்கினார். தன்னைப் பேணுவதை அரசியல் போராட்டமாக அவர் அந்நூலில் கண்டார். அக்கருத்து இன்று வாசனை மெழுகுவர்த்தியும் முகப்பூச்சும் விற்கப் பயன்படுகிறது. ஆனால் அவர் எழுதியது, தன்னைப் போன்ற உடல்கள் பிழைத்திருப்பதை விரும்பாத ஒரு சமூகத்துக்குள் பிழைத்திருப்பதைப் பற்றி. சண்டாஸ் மேளாவில் நின்ற பெண்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் சொன்னது புரிந்திருக்கும்.

தண்ணீரின் வழக்கு 2014 டிசம்பரில் ஓர் எல்லையைத் தொட்டது. பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், குறிப்பிட்ட தேதிக்குப் பின் குடியேறினர் என்பதற்காகக் குடிசைவாசிகளுக்கு நீரை மறுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீர், அரசமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதியளிக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. ஆயினும் சட்டப்படியான வீடுகளுக்குச் சமமாக வழங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் அத்தீர்ப்பிலேயே உள்ளது. உயிர் வாழும் அளவுக்கு நீர் உண்டு; தலைமுழுகும் அளவுக்கு உண்டா என்பது தீர்ப்பின் வரம்புக்கு அப்பாற்பட்டது.

2020-இல் கொரோனா வந்தபோது, அடிக்கடி கை கழுவுங்கள், பிறரிடமிருந்து விலகியிருங்கள் என்று அரசு ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொன்னது. அந்த ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் எடுக்கப்பட்ட குருதி ஆய்வில், குடிசைப்பகுதியினரில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினரிடமும் பிற குடியிருப்பினரில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினரிடமும் நோய் எதிர்ப்புக் கூறுகள் காணப்பட்டன. மக்கள் நெருக்கத்தையும், பொதுக் கழிப்பறையையும் நீர் பிடிக்கும் இடத்தையும் பகிர்ந்துகொள்வதையும் ஆய்வாளர்கள் சாத்தியமான காரணங்களாகக் குறிப்பிட்டனர். மாட்டுங்காவை உள்ளடக்கிய எஃப்-வடக்கும், செம்பூரை உள்ளடக்கிய எம்-மேற்கும், தகிசரை உள்ளடக்கிய ஆர்-வடக்கும் அந்த மூன்று வார்டுகள். டிராம்பேயும் சீத்தா கேம்பும் அடங்கிய எம்-கிழக்கு அவற்றில் இல்லை.