பாடும் படங்களும் நம் இல்லங்களும்

முதல் தமிழ்ப் பேசும் படம் உருவானது பம்பாயில். அர்தேஷிர் இரானி தயாரித்து, எச். எம். ரெட்டி இயக்கி, டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியாயிற்று. அதில் தமிழோடு தெலுங்கும் ஒலித்தது. வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாற்றில் தனியானதோர் உறவு உண்டு.

அன்றைய படங்களைப் பாடும் படங்கள் என்றே கூறலாம். நாடக மேடையிலிருந்து வந்த நடிகர்கள் படப்பிடிப்புக் கருவியின்முன் தாமே பாடினர். காதலும் துயரமும் பக்தியும் பாட்டாலேயே உணர்த்தப்பட்டன. 1934இல் ‘பவளக்கொடி’யில் அறிமுகமானவர் எம். கே. தியாகராஜ பாகவதர். அவர் நடித்து 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் பாடல்கள் பாபநாசம் சிவனுடையவை. ‘சகுந்தலை’யில் (1940) எம். எஸ். சுப்புலட்சுமியும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் இணைந்தனர். கச்சேரி மேடையின் சங்கீதம் இவ்வாறு எளியோர் செவியையும் எட்டியது.

இச்செல்வத்தில் பெரும்பகுதி அழிந்தது. ‘காளிதாஸ்’ படத்தின் பிரதி ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், நாளடைவில் சிதையும். அதிலுள்ள வெள்ளிக்காக உருக்கப்பட்டவையும் உண்டு. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் புனேயில் தோன்றியது. 2003இல் அங்கு நேர்ந்த தீ விபத்தும் பல நைட்ரேட் சுருள்களைக் கொண்டுபோயிற்று.

எஞ்சியவை வீடியோ நாடாவாகவும் பின்னர்க் குறுந்தகடாகவும் நம் இல்லங்களுக்கு வந்தன. ஆயினும் பல பதிப்புகளில் நீளம் கருதிப் பாடல்கள் வெட்டப்பட்டிருந்தன. சிலவற்றில் பாடல்கள் மட்டுமே இருந்தன. பாட்டே கதையாக நடக்கும் படத்தில் இவ்விரண்டும் குறையே. 1964இல் வந்த ‘கர்ணன்’ செப்பனிடப்பெற்று 2012இல் மீண்டும் திரைக்கு வந்தபோது மக்கள் திரண்டனர். முறையாகப் புதுப்பித்தால் போற்றுவார் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

முழு நீளப் பிரதி, துலங்கும் ஒலி, பாடலாசிரியர் பெயர், பாடல் வரிகள், பொருள்விளக்கம் ஆகியவற்றோடு இப்படங்கள் இல்லம் வரவேண்டும். தமிழைப் பேசினும் படிக்க இயலாத நம் பிள்ளைகளுக்கு அவ்வரிகள் ஆங்கில எழுத்திலும் வேண்டும். நம் பரண்களில் பழைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் இருத்தல் கூடும். அவற்றைத் தேடித் தொகுத்துக் காப்பகத்திற்கு அளிப்பது சங்கங்கள் இன்றே தொடங்கத்தக்க பணியாகும்.