மீன்தொட்டிச் சூடேற்றி

மீன்தொட்டிச் சூடேற்றி என்பது வீட்டு மீன்தொட்டியில் உள்ள நீர் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே இறங்காமல் காக்கும் மின்கருவி ஆகும். வெப்பமண்டல நன்னீர் மீன்களைக் குளிர்நாடுகளில் வளர்ப்பதற்கு இக்கருவி இன்றியமையாதது. தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் இதன் பயன் வேறுவகைப்பட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம் போன்ற இடங்களில் ஆண்டின் பெரும்பகுதியில் நீரைச் சூடாக்கும் தேவையே எழுவதில்லை. மழைக்காலத்து வெப்பநிலை ஏற்ற இறக்கத்தைத் தணித்தல், வெண்புள்ளி நோய்க்கான சிகிச்சை, டிஸ்கசு போன்ற சில மீன்களின் வளர்ப்பு ஆகியவற்றுக்கே இது அங்கு பயன்படுகிறது.

மீன்களும் வெப்பநிலையும்

மீன்களின் உடல் வெப்பநிலை பெரும்பாலும் சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையை ஒட்டியே அமையும். ஆகவே செரிமானம், மூச்சு, நோய் எதிர்ப்பு ஆகிய அனைத்தும் நீரின் வெப்பத்தைச் சார்ந்துள்ளன. கப்பி, மோலி, ஏஞ்சல், டெட்ரா, பைட்டர் முதலிய மீன்களுக்கு 24 முதல் 28 பாகை செல்சியசு வரையான நீர் ஏற்றது. அமேசான் ஆற்றுப் படுகையைச் சேர்ந்த டிஸ்கசு மீன் 28 முதல் 30 பாகையை விரும்பும். தங்கமீன் இதற்கு நேர்மாறானது. குளிர்ந்த நீரிலேயே நன்கு வாழும் அம்மீனுக்குச் சூடேற்றி தேவையில்லை. தங்கமீனையும் டிஸ்கசையும் ஒரே தொட்டியில் விட்டால் இரண்டில் ஒன்று எப்போதும் துன்புறும்.

அளவு சற்றுக் கூடுவதையோ குறைவதையோ மீன்கள் பொறுத்துக்கொள்ளும். ஒரே இரவில் நான்கைந்து பாகை மாறுவதே அவற்றைப் பெரிதும் நலிவிக்கிறது.

கோட்டைப்பட்டினத்துச் சூழல்

கோட்டைப்பட்டினம் பாக்கு நீரிணைக் கரையில், மணமேல்குடி வட்டத்தில் உள்ள மீன்பிடி ஊர் ஆகும். கடலின் அண்மையால் இங்குப் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு உள்நாட்டு ஊர்களை விடக் குறைவு. சனவரி இரவுகளில் கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே செல்வது அரிது. கோடையில் வீட்டுத் தொட்டியின் நீர் தானாகவே 30 பாகையைத் தாண்டிவிடும். அப்போது நீரைக் குளிர்விப்பதே வேலையாகிறது. தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்றைச் செலுத்தினால், ஆவியாதலால் வெப்பநிலை சில பாகைகள் குறையும்.

சூடேற்றி பயன்படும் காலம் அக்டோபர் முதல் சனவரி வரையிலானது. வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து பெய்யும் நாள்களில் சிறிய தொட்டிகள் விரைவில் குளிர்கின்றன. மேல்நிலைத் தொட்டியில் இரவெல்லாம் குளிர்ந்த நீரைக் காலையில் அப்படியே மீன்தொட்டியில் ஊற்றுவதும் அந்நாள்களில் நிகழும் பிழையாகும். வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரில் மீன்கள் பெரும்பாலும் சூடேற்றி இல்லாத சிமெண்டுத் தொட்டிகளிலேயே வளர்க்கப்படுகின்றன. அவ்வாறு உள்ளூரில் பிறந்து வளர்ந்த கப்பி, மோலி போன்றவற்றுக்குக் கடலோரத்தில் சூடேற்றி வாங்குவது பெரும்பாலும் வீண்செலவே. நெகிழிப் பையில் வந்த மீன்களைப் பையோடு தொட்டி நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, இரு நீரின் வெப்பமும் சமமான பின் வெளியே விடுவது அதனினும் முதன்மையானது. நம் குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டை, கெளுத்தி ஆகியவற்றுக்குச் சூடேற்றி தேவையே இல்லை.

அமைப்பு

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உலோகச் சட்டமும் கற்பலகை அடித்தளமும் கொண்ட தொட்டிகளை அடியில் விளக்கு எரித்துச் சூடாக்கினர். இன்றைய கருவியில் கண்ணாடிக் குழாயினுள் நிக்ரோம் கம்பிச் சுருளும், தெர்மோஸ்டாட் எனப்படும் வெப்பக் கட்டுப்பாட்டு ஆளியும் உள்ளன. பெரும்பாலான எளிய கருவிகளில் இவ்வாளி ஈருலோகப் பட்டையால் ஆனது. நீர் சூடாகும்போது பட்டை வளைந்து மின்னிணைப்பைத் துண்டிக்கும். குளிரும்போது மீண்டும் இணைக்கும். பலமுறை இணைந்து பிரிவதால் ஏற்படும் தீப்பொறி, இணைப்பு முனைகளை நாளடைவில் ஒட்டிக்கொள்ளச் செய்யலாம். அதன்பின் கருவி நிற்காமல் சூடாகும். ஆகவே கருவியில் குறித்துள்ள அளவை மட்டும் நம்பாமல், தனி வெப்பமானி ஒன்றைத் தொட்டியில் வைத்து நாள்தோறும் பார்ப்பது நல்லது.

வாட்டு அளவு

ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோயூல் ஆற்றல் வேண்டும். எனவே 100 வாட்டு சூடேற்றி, இழப்பைக் கருதாவிட்டால், 100 லிட்டர் நீரை ஒரு பாகை உயர்த்த 70 நிமிடம் எடுக்கும். அதே கருவி 20 லிட்டர் தொட்டியில் இருந்தால் 14 நிமிடம் போதும். ஆளி ஒட்டிக்கொண்ட நிலையில், இச்சிறு தொட்டியின் நீர் இரண்டு மணி நேரத்தில் 28 பாகையிலிருந்து 36 பாகையை எட்டக்கூடும். வீட்டார் உறங்கி எழுவதற்குள் மீன்கள் இறந்துவிடும். பெரிய வாட்டு வாங்குவது பாதுகாப்பு என்ற எண்ணம் இவ்வகையில் தவறானது.

லிட்டருக்கு ஒரு வாட்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அறை வெப்பம் அதிகம் குறையாத கடலோரத்தில் அதில் பாதி போதுமானது. உதகமண்டலம், கொடைக்கானல், இலங்கையின் நுவரெலியா ஆகிய மலையூர்களிலும், கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் தமிழர் வாழும் வீடுகளிலும் முழு அளவோ அதற்கு மேலோ தேவைப்படலாம்.

வெண்புள்ளி நோய்

உடலிலும் துடுப்புகளிலும் உப்புத் தூவியது போன்ற புள்ளிகளை உண்டாக்கும் இந்நோய்க்கு இக்தியோப்தைரியசு என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி காரணம். நீர் திடீரெனக் குளிர்ந்து மீன்கள் நலிவுறும்போது இது மிகுதியாகத் தோன்றுகிறது. மீனின் தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டாது; அது நீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே அழிக்க முடியும். நீர் வெதுவெதுப்பானால் அதன் வாழ்க்கைச் சுழற்சி விரைவதால், அப்பருவம் விரைவில் வந்து மருந்து பலிக்கிறது. இதற்காகவே வெப்பநிலையைச் சிறிது சிறிதாக 30 பாகை வரை உயர்த்துகின்றனர். தங்கமீன்களுக்கு இம்முறையில் கவனம் தேவை.

சூடான நீரில் ஆக்சிசன் குறைவாகவே கரையும். 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் கரையும் ஆக்சிசன், 30 பாகையில் 7.6 ஆகக் குறைகிறது. எனவே இச்சிகிச்சையின்போது காற்றூட்டி இரவும் பகலும் இயங்க வேண்டும்.

பாதுகாப்பு

கருவியைக் குறித்த மட்டம் வரை நீரில் மூழ்கவைத்த பின்னரே மின்சாரம் செலுத்த வேண்டும். நீர் மாற்றும்போது மின்னிணைப்பை நீக்கி, 15 நிமிடமாவது ஆறவிட வேண்டும். சூடான குழாய் காற்றில் வெளிப்பட்டு மீண்டும் நீர் பட்டால் வெடிக்கக்கூடும். வெடித்த குழாயின் வழியே 230 வோல்ட்டு மின்சாரம் நீரில் பரவும். கண்ணாடித் தொட்டி மின்சாரத்தைக் கடத்தாது; ஆதலால் தரைக்குச் செல்ல வழியின்றி, மின்கசிவு காணப்படாமலே இருக்கலாம். தொட்டியினுள் கைவிடுபவரின் உடலே அவ்வழியாக அமையும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் வீட்டில் இருந்தாலும், செருகியைப் பிடுங்கிய பின்னரே தொட்டியில் கைவைக்க வேண்டும்.

மின்கம்பி செருகிக்கு வருமுன் சற்றுத் தாழ்ந்து தொங்குமாறு விட்டால், வழியும் நீர் செருகியை அடையாமல் கீழே சொட்டிவிடும். கடலோரத்தில் உப்புக் காற்றால் செருகியின் முனைகள் களிம்பேறிச் சூடாவதுண்டு. அவற்றை அவ்வப்போது துடைக்க வேண்டும். உவர்நீர் அல்லது கடினநீர் பயன்படுத்தும் வீடுகளில் குழாயின் மேல் வெண்படிவம் சேரும். மின்னிணைப்பை நீக்கிக் கருவியை வெளியே எடுத்து, நீர்த்த வினிகரால் கழுவினால் அது நீங்கும்.

மின்தடை

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய நேரங்களில் சூடேற்றி நிற்பதை விடக் காற்றூட்டி நிற்பதே முதலில் மீன்களைப் பாதிக்கும். நீர் மெதுவாகவே குளிரும், ஆனால் மீன்கள் நெருக்கமாக உள்ள தொட்டியில் ஆக்சிசன் சில மணி நேரத்தில் குறைந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் சில வாட்டு மட்டும் எடுக்கும் காற்றூட்டியை அதில் இணைத்துச் சூடேற்றியை விலக்கிவிடலாம். எதுவும் இல்லாதபோது, குவளையால் தொட்டி நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றிக்கொண்டிருப்பதும், உணவை நிறுத்திவைப்பதும், தொட்டியின் பக்கங்களைக் கனத்த துணியால் சுற்றுவதும் உதவும்.