ஜன சமூகத்தின் ஆரோக்கியம்: ஒரு கருத்தின் சரித்திரம்

1946-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள் நியூயார்க் நகரத்தில் 61 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, உலக சுகாதார ஸ்தாபனத்தின் சாசனத்தில் கையொப்பமிட்டார்கள். ஆரோக்கியமென்பது நோயும் பலவீனமும் இல்லாதிருத்தல் மாத்திரமன்று, தேகத்தாலும் மனத்தாலும் சமூக வாழ்வாலும் பூரண நலம் பெற்றிருக்கும் நிலையே ஆரோக்கியம் என்று அச்சாசனத்தின் முகவுரை வரையறுத்தது. இவ்வளவு விரிந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தால் உலகில் ஆரோக்கியமுள்ளவர் எவருமே இரார் என்று அறிஞர் பலர் ஆட்சேபித்து வந்திருக்கிறார்கள், ஆட்சேபம் நியாயமானதே. ஆனால், உலகப் போர் முடிந்து ஓராண்டும் நிறையாத அக்காலத்தில், சமூக வாழ்வை ஆரோக்கியத்தின் அங்கமாக ஒரு சர்வதேச சாசனம் ஒப்புக்கொண்டது திடீரென்று நிகழ்ந்ததன்று. அதற்குப் பின்னால் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுக் கால விசாரணை இருக்கிறது.

ஒருவனுக்கு நோய் ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி. ஓர் ஊரில் மற்றோர் ஊரைக்காட்டிலும், ஒரு வகுப்பாரிடத்தில் மற்றொரு வகுப்பாரைக்காட்டிலும் நோய் ஏன் மிகுந்திருக்கிறது என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்வி வைத்தியத்தைப் போலவே பழமையானது. இரண்டாவது கேள்விக்கு விடை பலமுறை கண்டுபிடிக்கப்பட்டது என்பதும், ஒவ்வொரு முறையும் அவ்விடையில் அதிகாரத்திலிருப்போருக்குச் சங்கடம் விளைக்காத பகுதி மட்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டு எஞ்சியது கைவிடப்பட்டது என்பதும், இச்சரித்திரத்தை ஊன்றி நோக்குவார்க்குப் புலனாகும்.

மரணங்களை எண்ணிப் பார்க்கும் வழக்கம் தோன்றிய பின்னரே இரண்டாவது கேள்வி உருப்பெற்றது. லண்டன் மாநகரத்தில் வாரந்தோறும் அச்சிடப்பட்டுவந்த மரணப் பட்டிகளை, ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி பொறுமையுடன் தொகுத்து ஆராய்ந்து, 1662-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பிறக்கும் நூறு பேரில் 36 பேர் ஆறு வயது நிரம்புவதற்குள் மாண்டுபோகிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. 1700-இல் இத்தாலிய வைத்தியர் ரமஸீனி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், நோயாளியைக் கேட்கவேண்டிய கேள்விகளோடு அவன் செய்யும் தொழில் என்ன என்பதையும் சேர்த்துக்கொள்ளும்படி சக வைத்தியர்களை வேண்டினார். மொடெனா நகரில் தம் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்த ஒருவன் அவசர அவசரமாக வேலையை முடிக்க முயன்றதைக் கண்டு காரணம் வினவியபோது, நெடுநேரம் அங்கிருந்தால் கண் பார்வை போய்விடும் என்று அவன் கூறிய விடையே தம்மை இவ்வாராய்ச்சியில் தூண்டியதாக ரமஸீனி எழுதியிருக்கிறார். அதே வேலையில் இன்றும் நம் நாட்டில் மனிதர்கள் மூச்சடைத்து மாள்வதை எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது.

ஆயினும், வகுப்புக்கு வகுப்பு மரணம் வேறுபடுவதை ஐயத்துக்கிடமின்றி நிறுவிய பெருமை பாரிஸைச் சேர்ந்த லூயி ரெனே வில்லெர்மேயையே சாரும். நெப்போலியனின் சேனையில் அறுவை வைத்தியராயிருந்த அவர், 1820-களில், அக்காலத்தில் பன்னிரண்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்த பாரிஸ் நகரத்தின் மரணக் கணக்குகளை எடுத்துக்கொண்டு, ஒரு வட்டாரத்தில் மரணம் மிகுவதும் மற்றொன்றில் குறைவதும் எதனால் என்று ஆராயத் தொடங்கினார். காற்றும் நீரும் நிலமுமே நோய்க்குக் காரணம் என்பது ஹிப்பாகிரடீஸ் காலந்தொட்டு வந்த கொள்கை. ஆகவே, ஸேன் நதிக்கு அருகிலுள்ள வட்டாரங்களில் மரணம் அதிகமா என்று பார்த்தார், பொருந்தவில்லை. மேட்டு நிலம், பள்ள நிலம், வீசும் காற்றின் திசை, திறந்த வெளிகளின் பரப்பு, ஜன நெருக்கம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டார், ஒன்றும் பொருந்தவில்லை. வறுமையின் காரணமாக வரி விதிக்கப்படாத குடும்பங்கள் எந்த வட்டாரத்தில் எத்தனை என்ற கணக்கை மரணக் கணக்கின் பக்கத்தில் வைத்தபோதுதான் இரண்டும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நின்றன. ஸான் லூயித் தீவின் நதிக்கரைகளில் வசதியுள்ளோர் வாழ்ந்த வீடுகளையும், அதே நதிக்கு அண்மையில் ஏழைகள் நெருங்கிக் கிடந்த மோர்ட்டெலரித் தெருவையும் அவர் ஒப்பிட்ட பகுதி, இத்துறையில் எழுதப்பட்ட மிகச் சிறந்த வாதங்களுள் ஒன்றென்பது நம் துணிபு. நீர் ஒன்றே, காற்று ஒன்றே. மரணம் மாத்திரம் ஒன்றாயில்லை.

இவ்வளவு தெளிவாகக் கண்டவர் பரிகாரம் என்று வரும்போது தயங்கினார். தாராளவாதப் பொருளாதாரக் கொள்கையில் ஊறியவராதலின், கூலியிலோ சொத்திலோ அரசாங்கம் கைவைக்கலாகாது என்பதே அவர் எண்ணம். எனினும், நெசவாலைத் தொழிலாளரின் நிலைமை குறித்து 1840-இல் அவர் வெளியிட்ட நூல், மறு ஆண்டில் பிரான்ஸில் குழந்தைத் தொழிலாளரின் வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறப்பதற்குத் துணை செய்தது.

தயக்கமின்றி முடிவு வரை சென்றவர் ஜெர்மன் வைத்தியர் ருடால்ஃப் விர்ச்சோ. 1848 பிப்ரவரியில், அப்போது 26 வயதே நிரம்பிய அவரை, மேல் ஸைலீஷியாவில் பரவியிருந்த டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்து வருமாறு பிரஷ்ய அரசாங்கம் அனுப்பியது. உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்துப் பஞ்சம் தலைவிரித்தாடிய ரிப்னிக், பிளெஸ் முதலிய மாவட்டங்களில் மூன்று வாரங்களுக்குச் சற்றுக் குறைவாகத் தங்கி, மரக்கட்டைகளால் கட்டிய குடிசைகளில் ஒரே அறைக்குள் மனிதரும் கால்நடைகளும் பெரிய அடுப்பைச் சுற்றிக் குளிர்காலத்தைக் கழிப்பதை அவர் நேரில் கண்டார். ஜனங்கள் பேசியது போலிஷ் மொழி. உத்தியோகஸ்தர்களும் ஆசிரியர்களும் பேசியதோ ஜெர்மன். நிலமெல்லாம் சில பிரபுக்களின் கையில். அவர்களோ அப்பிரதேசத்தில் ஈட்டியதை வேறெங்கோ செலவிட்டனர். அரசாங்கம் எதிர்பார்த்தது மருந்துகளைப் பற்றிய ஓர் அறிக்கை. விர்ச்சோ கொடுத்ததோ, பூரண ஜனநாயகமும், கல்வியும், தாய்மொழிக்கு உரிமையும், ஏழைகளின் தலையிலிருந்து செல்வர்களின் மேல் மாற்றப்பட்ட வரியும், விவசாய அபிவிருத்தியுமே இந்நோய்க்கு நிரந்தரப் பரிகாரம் என்று கூறும் அறிக்கை. பெர்லின் திரும்பிய சில தினங்களில் அங்கே புரட்சி மூண்டபோது அவரும் தெருத்தடுப்புகளின் பின் நின்றார்; அடுத்த ஆண்டே பெர்லினில் வகித்த பதவியை இழந்து வூர்ட்ஸ்பர்க் நகருக்குப் போகவேண்டியதாயிற்று.

டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது உடம்பில் அண்டும் பேன் என்பதை ஷார்ல் நிக்கோல் 1909-இல்தான் கண்டுபிடித்தார். எனவே, நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை அறியாமலேயே, அது யாரிடம் பரவும், ஏன் பரவும் என்பவற்றை விர்ச்சோ சரியாகச் சொல்லிவிட்டார். குளிருக்கு அஞ்சி மாற்றாடையின்றி ஒருவரோடொருவர் ஒட்டிக் கிடக்கும் பசித்த மக்களிடத்தில் அல்லவா பேன் பெருகும்!

இங்கிலாந்தில் இதே விசாரணை வேறு வழியில் திரும்பிற்று. எட்வின் சாட்விக் 1842-இல் வெளியிட்ட அறிக்கை, லிவர்பூல் நகரத்தில் இறந்தவர்களின் சராசரி வயது மேன்மக்களிடையே 35, வியாபாரிகளிடையே 22, தொழிலாளரிடையே 15 என்றும், ரட்லண்ட் என்ற நாட்டுப்புறப் பகுதியில் தொழிலாளரின் சராசரியே 38 என்றும் காட்டியது. பச்சிளங்குழந்தைகளின் மரணம் சராசரியை இழுத்துத் தாழ்த்தும் ஆதலால் இவ்வெண்களைக் கொண்டு ஆயுளை அளப்பது பிழை. ஆயினும் அவை உணர்த்திய ஏற்றத்தாழ்வு மெய்யானதே. சாட்விக்கின் முடிவு என்ன? அழுக்கும் துர்நாற்றமுமே காரணம். குழாய் நீரும் சாக்கடையும் பரிகாரம். வறுமையால் நோய் வருவதைவிட, நோயால் வறுமை வருவதே அவர் கண்ணில் பெரிதாகப் பட்டது. ஜனன மரணப் பதிவு அலுவலகத்தில் கணக்குகளைத் தொகுத்த வில்லியம் ஃபார், முதல் அறிக்கையிலேயே 63 மரணங்களைப் பட்டினிச் சாவு என்ற தலைப்பின்கீழ்க் காட்டியபோது, ஏழைகள் சட்டத்தை நிர்வகிக்கும் கமிஷனின் காரியதரிசியாயிருந்த சாட்விக் வன்மையாக மறுத்தார். எடின்பரோவில் அலிஸன் என்ற வைத்தியர், பசியும் வேலையின்மையுமே காய்ச்சலின் தாய் என்று வாதித்தும் பயன்படவில்லை.

சாக்கடையை இகழ்வது நம் கருத்தன்று. சாட்விக்கும் அவர் வழி வந்தவர்களும் இட்ட குழாய்கள் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. விர்ச்சோவே பிற்காலத்தில் பெர்லின் நகரசபையில் அமர்ந்து அந்நகரின் கழிவுநீர்த் திட்டத்துக்காகப் பாடுபட்டார். ஆனால், கூலி, ஆகாரம், வேலை நேரம் என்பவை அப்போது சுகாதார இலாகாவின் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டு, வெகுகாலம் அங்கேயே நின்றுவிட்டன என்பதும் உண்மை.

1882 மார்ச் 24-ஆம் தேதி ராபர்ட் காக் க்ஷயரோகக் கிருமியைக் கண்டறிந்த செய்தியை வெளியிட்டபின், கேள்வியின் எல்லை மேலும் சுருங்கிற்று. கிருமியே காரணம் என்றான பிறகு மற்றவற்றைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்ற மனோபாவம் வைத்தியக் கல்லூரிகளில் வேரூன்றியது. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் க்ஷயரோக மரணம் அதற்கு முன்னரே குறையத் தொடங்கியிருந்தது. 1940-களின் இறுதியில் ஸ்டிரெப்டோமைஸின் வருவதற்குள் பெரும்பகுதி குறைந்தும்விட்டது. இதனை எடுத்துக்காட்டிய தாமஸ் மெக்கியோன், ஆகாரம் பெருகியதே காரணம் என்றார். 1988-இல் ஸைமன் ஷ்ரெட்டர், நகரசபைகளின் சுகாதாரப் பணியை மெக்கியோன் குறைத்து மதிப்பிட்டார் என்று மறுத்தார். இவ்விவாதம் இன்னும் ஓயவில்லை.

நம் தேசத்தில் போர் என்பவரின் தலைமையில் 1943-இல் நியமிக்கப்பட்ட சுகாதாரக் கமிட்டி, 1946-இல் சமர்ப்பித்த அறிக்கையில், சராசரி ஆயுள் சுமார் 27 ஆண்டென்றும், பிறக்கும் ஆயிரம் சிசுக்களில் 162 ஓராண்டுக்குள் இறக்கின்றன என்றும் கூறி, உணவுக் குறைவு, கல்வியின்மை, வறுமை, வேலையின்மை ஆகியவற்றை நோயின் காரணங்களாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1939-இல், இந்திய மாகாணங்களில் முதன்முதலாகச் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒன்றை இயற்றி, குடிநீர், கழிவுநீர், திருவிழாக் கூட்டங்கள், தாய்சேய் நலம் ஆகியவற்றை ஒரே சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்திருந்தது.

சென்னையே மற்றொரு பெரும் பரிசோதனைக்கும் களமாயிற்று. 1956-இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், வாலஸ் ஃபாக்ஸ் என்பவரின் தலைமையில், ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு சாரார் ஸானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்றனர். மறு சாரார் தங்கள் நெருக்கமான வீடுகளிலேயே, குறைந்த உணவை உண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, அதே மாத்திரைகளை விழுங்கினர். ஓராண்டின் முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்தோரின் குடும்பத்தாருக்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் ஸானடோரியங்களை மூடச் செய்தது. படுக்கை கிடைக்காமல் காத்திருந்த எண்ணற்ற ஏழைகளுக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஆனால், க்ஷயரோகத்துக்கும் உணவுக்கும் சம்பந்தமில்லை என்று பலர் இதற்குப் பொருள் கொண்டது வருந்தத்தக்கது. பரிசோதனை சோதித்தது, நோய் கண்டவர் மருந்தால் தேறுவரா என்பதை. நோய் காணாதவர் ஏன் காண்கிறார் என்பதையன்று.

இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் லண்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி ரோஸ். அவரும் மைக்கேல் மார்மட் முதலியோரும், 1967-இல் தொடங்கி வைட்ஹால் அரசாங்க அலுவலகங்களில் சுமார் 18,000 ஆண் உத்தியோகஸ்தர்களைத் தொடர்ந்து கவனித்தனர். இவர்களில் பட்டினி கிடந்தவர் இலர். எல்லோருக்கும் இலவச வைத்தியம் உண்டு. அப்படியிருந்தும், கடைநிலைச் சேவகர்களிடையே இருதய நோயால் நேர்ந்த மரணம் உயர் அதிகாரிகளைவிட மும்மடங்குக்கு மேலிருந்தது. இடைப்பட்ட படிகளில் ஒவ்வொரு படி இறங்கும்தோறும் மரணமும் ஏறியது. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தும் இவ்வேற்றத்தாழ்வில் பாதிகூட விளங்கவில்லை. தன் வேலையின்மேல் தனக்கு அதிகாரமில்லாத நிலை தேகத்தை அரிக்கிறது என்று மார்மட் பின்னர் வாதித்தார். ரோஸ் 1985-இல் எழுதிய கட்டுரையோ, கென்ய நாடோடிகளையும் லண்டன் உத்தியோகஸ்தர்களையும் அருகருகே வைத்தது. லண்டன்வாசிகளுள் ஒருவருக்கு இரத்த அழுத்தம் ஏன் மிகுந்தது என்று எவ்வளவு ஆராய்ந்தாலும், அக்கூட்டம் முழுவதுமே நாடோடிகளைவிட ஏன் உயர்ந்த அழுத்தத்தில் நிற்கிறது என்பது விளங்காது என்றார் அவர். ஊரார் அனைவரும் நாள்தோறும் இருபது சிகரெட் புகைத்தால், நுரையீரல் புற்றுநோய் பரம்பரை நோயாகவே தோற்றமளிக்கும் அன்றோ!

சேத்துப்பட்டில் கேட்கப்படாத கேள்வி ஜார்க்கண்டில் கேட்கப்பட்டது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்களின் முயற்சியால் அம்மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்து, 2023-இல் முடிவு வெளியான ஆராய்ச்சியில், 2,800 க்ஷயரோகிகளின் குடும்பங்களைச் சேர்ந்த பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இடம்பெற்றனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் வழங்கப்பட்டது. குடும்பத்தாரில் ஒரு பிரிவினருக்கு மட்டும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அப்பிரிவில் புதிதாக க்ஷயரோகம் கண்டோர் தொகை, மற்றப் பிரிவைக்காட்டிலும் 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் நோய் 48 சதவீதம் குறைந்தது.

2018 முதல் மத்திய சர்க்கார் நோயாளிக்கு உணவுக்கென மாதம் 500 ரூபாய் அளித்துவந்து, 2024-இல் அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. நோயாளியின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் வழங்கும் ஏற்பாடும் அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆனால் அது தர்ம சிந்தையுள்ள தனி மனிதர்களும் கம்பெனிகளும் மனமுவந்து கொடுக்கும் நன்கொடையை நம்பி நடப்பது. மாத்திரை சட்டப்படி கிடைக்க, அரிசியும் பருப்பும் கொடையாளியின் கருணையைப் பொறுத்திருக்கின்றன. ஜார்க்கண்ட் ஆராய்ச்சிக்குப் பிறகு இந்தப் பாகுபாட்டுக்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரமில்லை. துவரம் பருப்பும் மாத்திரையைப் போலவே சர்க்காரின் செலவுக் கணக்கில் ஏறவேண்டும்.