காணித் தரகர்: அம்பாறைக் கரையோரம்

காணி அல்லது வீடு விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து, விற்பனை முடிந்ததும் தரகு பெறுபவர் காணித் தரகர். ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று முதல் கல்முனை வரையுள்ள கரையில் பேச்சுவழக்கில் இவர் 'புரோக்கர்'. கடை நடத்துபவர், ஓட்டோ ஓட்டுபவர், ஓய்வுபெற்ற அரச ஊழியர் எனப் பலர் வேறு வேலையோடு சேர்த்தே இதைச் செய்கின்றனர். வளைகுடா நாடுகளில் உழைத்த பணத்தையும் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தையும் காணியில் போட விரும்புவோர் முதலில் தேடிச் செல்வதும் இவரையே. எதற்கு அவரை நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதில்தான் வாங்குபவரின் பணம் தப்புவதோ போவதோ இருக்கிறது.

விலை விடயத்தில் தரகருக்கு நிகராக அறிந்தவர் அரிது. இலங்கையில் காணி மாற்றத்துக்கு முத்திரை வரி உண்டு: முதல் ஒரு லட்சம் ரூபாவுக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். இதைக் குறைப்பதற்காக உறுதியில் உண்மை விலையை எழுதாமல் விடுவது பரவலான பழக்கம். ஆகவே பதிவேட்டில் உள்ள தொகையைக் கொண்டு ஒரு பேர்ச் என்ன விலை போகிறது என்று சொல்லிவிட முடியாது. கோளாவில் கிராமத்தில் போன மாதம் காணி என்ன விலைக்குப் போனது, பனங்காட்டுக் கிராமத்தில் எந்த ஒழுங்கையில் மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் என்பதெல்லாம் தரகரின் தலையில்தான் இருக்கின்றன. அந்த அறிவுக்குத் தரகு கொடுப்பது நியாயமே.

விற்பனைக்கு வரும் காணி இங்கு இயல்பாகவே குறைவு. இக்கரையின் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகக் கைமாறுகின்றன. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்கிறார். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விரிவாக விளக்கியிருக்கிறார். வீட்டில் குடியிருந்து விலை பேசும் கணவர் உரிமையாளராக இல்லாதிருக்கலாம் என்பது இதன் நேரடி விளைவு. உறுதி மனைவி பெயரில் இருக்கலாம். மாமியாருக்கு வாழும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கலாம். உள்ளூர்த் தரகருக்கு இது தெரியும். கேட்காத வரை அவர் சொல்வாரா என்பதுதான் கேள்வி.

வாரிசுரிமைக் காணியில் சிக்கல் இன்னும் கூடும். ஒருவர் இறுதி விருப்பம் எழுதாமல் இறந்தால், ஆலையடிவேம்புத் தமிழருக்குப் பொதுச் சட்டப்படி வாழ்க்கைத் துணைக்குப் பாதியும் எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். முஸ்லிம் குடும்பத்தில் 1931 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின்படி இஸ்லாமியப் பங்கீடு நடக்கும்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகளின் பங்கு மகனுடையதில் பாதி. "மூத்தவர் ஒப்பம் வைத்தால் போதும்" என்று தரகர் சொன்னால் அது தவறு. மூத்தவர் விற்கக்கூடியது தம் பிரிக்கப்படாத பங்கை மட்டுமே. மற்றவர்களோடு 1977 ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி வழக்காடும் வேலை வாங்கியவர் தலையில் விழும்.

மலிவாக வரும் காணிகளில் பல, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த 'பேமிட்' காணிகள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட இவற்றை உரிய அதிகாரியின் முன் எழுத்துமூல அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. மீறிச் செய்த கைமாற்றம் செல்லாது. கடதாசியில் எழுதி வாங்கினாலும் நிலை அதுதான். பிரதேச செயலகத்துக்கு நேரில் போய்க் கேட்பதற்கு மாற்று எதுவுமில்லை. வயலை நிரப்பித் துண்டு போட்டு விற்பதற்கும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். கடலோரத்தில் 300 மீற்றருக்குள் கட்டுமானத்துக்குக் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் தேவை.

"உறுதி சுனாமியில் போய்விட்டது" என்பது இங்கு அடிக்கடி கேட்கும் பதில். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பலருக்கு அந்தப் பதில் முழு உண்மை. ஆனால் நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. அத்தாட்சிப்படுத்திய பிரதியை அங்கே பெறலாம். அதை எடுக்கத் தயங்கும் விற்பவரிடம் முற்பணம் கொடுக்காதிருப்பது நல்லது.

முற்பணத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணி விற்பனையும் விற்பனை உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு முன், ஒரே நேரத்தில் உடனிருக்கும் இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும் என்கிறது. தரகர் வீட்டு விறாந்தையில் பேசி முடித்த பேச்சைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் காணியைக் கேட்க முடியாது. எழுதிய உறுதியையும் உடனே பதிய வேண்டும். 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டப்படி, மோசடியின்றி விலை கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவரே முன்னுரிமை பெறுவார். உரிமைத் தொடரை 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தேடுவது வழமை. செலவு மிச்சமென்று தேடுதலைக் கைவிடுபவர்களைக் காணும்போது மனம் பதறுகிறது. நொத்தாரிசை வாங்குபவரே தெரிவு செய்ய வேண்டும். தரகர் அழைத்து வருபவர் எவ்வளவு நல்லவரானாலும் வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர் தரகர் பெயரில் அற்றோணித் தத்துவம் எழுதுவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இவை தரகரின் குணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு அல்ல. விற்பனை நடந்தால்தான் அவருக்குப் பணம். நடக்காமல் தடுக்கும் உண்மையைச் சொன்னால் அவர் உழைப்பு வீண். சிக்காகோ வட்டாரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்த லெவிட், சிவர்சன் என்ற பொருளியலாளர்கள், முகவர்கள் தம் சொந்த வீட்டை மற்றவர் வீட்டைவிட 9.5 நாள் கூடுதலாகச் சந்தையில் வைத்திருந்து 3.7 சதவீதம் கூடுதல் விலைக்கு விற்றதை 2008 இல் காட்டினர். உரிமம் பெற்ற முகவர்களிடமே இந்த வேறுபாடு.

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டம் ஆதன முகவர்களையும் உள்ளடக்குகிறது. அதன் நோக்கம் பணத் தூய்தாக்கலைத் தடுப்பது. வாங்குபவரைக் காக்கும் உரிமமுறை இங்கு உருவாகவில்லை. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டின் சட்டம் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட மனைத் திட்டங்களை விற்கும் முகவர் பதிவு பெற வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் 2010 முதல் தனி மன்றமே உரிமம் வழங்கி ஒழுங்கு மீறுபவரைத் தண்டிக்கிறது. நேர்மையாகத் தொழில் செய்யும் நம்மூர்த் தரகர்களுக்கும் அத்தகைய சட்டமே மதிப்புத் தரும். அதைக் கொண்டுவரும்படி மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியவர்கள், சேமிப்பு முழுவதையும் ஒரு துண்டுக் காணியில் போடும் இக்கரை மக்களே.