காஞ்சி நெய்யாத துணி

பெரிய காஞ்சிபுரத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தறிச்சத்தம் ஓயவில்லை. இதற்கான எழுத்துச் சான்று அந்த ஊரின் உலகளந்த பெருமாள் கோயிலோடு சேர்ந்தே கிடைத்திருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்தில் வெட்டப்பட்டு, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்பேடு, திருஊரகம் என்ற அந்தக் கோயிலின் நிர்வாகத்தில் கச்சிப்பேடு என்று அன்று அழைக்கப்பட்ட காஞ்சியின் நெசவாளர் குடியிருப்புகள் நான்கிற்கு இருந்த பொறுப்பைச் சொல்கிறது. கோயில் கணக்கை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அந்த நெசவாளர்கள் ஊரில் காலூன்றியிருந்தார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் நெய்யாத துணி உண்டா? சாமிக்குப் பரிவட்டம், கல்யாணத்துக்குக் கூறைப்புடவை, உடுத்த வேட்டி, கப்பலேறிய பருத்தி, இன்று உலகமே பெயர் சொல்லிக் கேட்கும் பட்டு என எல்லாம் நெய்தார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகை என்றால் அடித்துப் பெய்யும் ஊர் அது. கடலும் எட்டாத தூரத்தில் இல்லை. 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை கோவளமும் மாமல்லபுரமும் சதுரங்கப்பட்டினமும் காஞ்சிபுரம் மாவட்டத்து மீனவ ஊர்கள்தாம். இவ்வளவு தறியும் இவ்வளவு மழையும் இவ்வளவு கடல் வேலையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும், மழைக்கென்று ஒரு துணி காஞ்சியில் பிறக்கவில்லை. ஏன் பிறக்கவில்லை?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. மீனவனும் உழவனும் ஏழைகள், கோவணத்துக்கு மேல் வாங்க வழியில்லை, அதனால் நனைந்தார்கள் என்பது அது. ஏழ்மை உண்மை, அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பதில் கேள்வியை மூடிவிடுகிறதே தவிர விளக்கவில்லை. காசு இருந்தவர்களும் மழைத்துணி கேட்கவில்லையே. பல்லக்கில் போனவரும் பண்ணை வைத்திருந்தவரும் குடை பிடிக்க ஆள் வைத்துக்கொண்டார்கள். மழைச்சட்டை தைக்கச் சொல்லவில்லை. நம் மண்ணில் மழையைத் தடுக்கும் வேலை ஓலைக்குப் போனது. நனைந்து சீக்கிரம் உலரும் வேலை துணிக்குப் போனது. இந்த வேலைப் பிரிவினை இல்லாமையால் வந்ததல்ல, வெப்பநாட்டு மழையை நன்றாகத் தெரிந்துகொண்டதால் வந்தது என்பதே என் வாதம்.

சான்றுகளைப் பழையதிலிருந்து தொடங்கலாம். சங்கப் பாடல்களில் மழைக்கால இடையனோடு வரும் பொருள் பறி. பனையோலையில் முடைந்த பாய் அது. முதுகுப் பக்கம் போட்டுக்கொள்வான். நற்றிணைப் பாடல் ஒன்றில் அவன் கோலை ஊன்றிக் குறுகி நிற்க, மென்தூறல் அவன் உடம்பின் ஒரு பக்கத்தை மட்டும் நனைக்கிறது. ஒரு பக்கம் மட்டும் என்று புலவர் பார்த்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பறி உடம்பைச் சுற்றி மூடுவதில்லை. காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்பினால் அது மழையை வாங்கிக்கொள்ளும். மறுபக்கம் திறந்தே கிடக்கும். அதே காலத்தில் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, கந்தையோடு வரும் பாணர்களுக்கு ஆவியைப் போல் மெல்லிய ஆடையை அவன் உடுத்தக் கொடுப்பதைச் சொல்கிறது. ஆக, கச்சி வேந்தன் கொடுக்கும் துணியின் சிறப்பு மென்மை. இடையனின் மழைக்கோ ஓலை. இரண்டும் வேறு வேறு கைத்தொழில்கள்.

இந்தப் பிரிவினை கோயிலிலும் தெரிகிறது. பெரிய காஞ்சிபுரத்தில் உலகையே அளந்து நெடிதுயர்ந்து நிற்கும் பெருமாள், மாவலியிடம் குள்ள வாமனனாக வந்தபோது கையில் கொண்டுவந்தது ஓலைக்குடை. வெயிலிலும் மழையிலும் நடந்து பிச்சை கேட்கும் பிரம்மசாரிக்கு அதுதான் பொருத்தம் என்று சிற்பிகளுக்குத் தெரிந்திருக்கிறது. அதே ஊரின் மறுபாதியான சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜருக்குத் துணிக்குடை. குடையழகுக்குக் காஞ்சி என்று வைணவர்கள் பேச்சுவழக்கில் சொல்வது அந்தக் கருடசேவைக் குடைகளை மனத்தில் வைத்துத்தான். துணிக்குடை மரியாதைக்கு, ஓலைக்குடை மழைக்கு.

கடற்கரைச் சான்று இன்னும் துல்லியமானது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் வெகுதூரம் தள்ளி நங்கூரமிட்டன. அலையைத் தாண்டிக் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். அவர்களைப் பார்த்து வியந்த ஐரோப்பியப் பயணிகள் எழுதியிருப்பது இதுதான்: இடுப்பில் ஒரு துண்டுத்துணி தவிர உடம்பில் ஒன்றுமில்லை, தலையில் பாய் முடைவது போல முடைந்த கூர்மையான தொப்பி, அந்தத் தொப்பிக்குள் கடிதங்கள், ஈரம் படாமல். நனையக்கூடாதது எது, நனைந்தால் பாதகமில்லாதது எது என்று அந்த மனிதர்கள் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் புகாத பொருளைச் செய்ய அவர்களுக்குத் தெரியும். அதைக் காகிதத்துக்குக் கொடுத்தார்கள், தோலுக்குக் கொடுக்கவில்லை.

வயல்வெளியில் இந்த அறிவு நம் தலைமுறை வரை வந்திருக்கிறது. கொங்காணி என்றும் கொங்காடை என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் அந்தச் சாக்கைப் பாருங்கள். ஒரு கோணிச்சாக்கை எடுத்து, அடியில் உள்ள ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளி மடித்தால் தலைக்குப் பொருந்தும் கூம்பு வந்துவிடும். மிச்சம் முதுகில் தொங்கும். ஊசி இல்லை, நூல் இல்லை, பொத்தான் இல்லை. நாற்று நடுகிறவர் குனிந்து நிற்பதால் மழை விழுவது முதுகில்தான்; முன்பக்கம் காற்றாடக் கிடக்கும், கை இரண்டும் வேலைக்குத் தயார். சணல் நனையும், கனக்கும், ஆனால் முதுகின் சூட்டைப் பிடித்து வைக்கும். பிறகு யூரியா சாக்கு வந்தபோதும் அதே மடிப்புத்தான் மடித்தார்கள். பொருள் மாறியது, வடிவம் மாறவில்லை. பறி, ஓலைக்குடை, கொங்காணி எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, மறைப்புக்கும் உடம்புக்கும் நடுவே விட்ட இடைவெளி. மழை வெளியே வழியும். வியர்வையின் ஆவி இடைவெளி வழியே போய்விடும்.

மேல்நாடுகள் இதே சிக்கலுக்கு வேறு வழியில் போக வேண்டியிருந்தது. அங்கே மழை குளிரோடு வரும். உடம்பைத் திறந்துபோட்டால் சாவு. 1823இல் சார்லஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரை ஒட்டினார். 1877இல் நார்வேயில் ஹெல்லி ஹான்சன் என்ற கப்பல் தலைவர் துணியில் ஆளிவிதை எண்ணெய் ஏற்றி மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் உடை செய்தார். மழை நின்றது, ஆனால் வியர்வை உள்ளேயே தங்கிப் போட்டவரை நனைத்தது. இந்தக் குறையைத் தீர்க்க அவர்களுக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1969இல் பாப் கோர் என்பவர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நுண்துளைச் சவ்வாக்கினார். 1976இல் அது கோர்டெக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நீர்த்துளி புகமுடியாத, நீராவி மட்டும் புகும் துளைகள். மூச்சுவிடும் மழைத்துணி என்று இன்று மீன்பிடிக்கும் மலையேற்றத்துக்கும் விலை உயர்த்தி விற்கப்படுவது இந்த வழியில் வந்ததுதான்.

அதை வாங்கி நம் கடலில் போட்டால் என்ன ஆகும்? சவ்வு தானாக ஆவியை வெளியே தள்ளுவதில்லை. உள்ளே இருக்கும் ஆவியின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகமாக இருந்தால் ஆவி போகும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகம். வியர்த்த தோல் 34 பாகைச் சூட்டில் இருந்தால் அங்கே ஆவி அழுத்தம் ஏறத்தாழ 5.3 கிலோபாஸ்கல். நார்வேக் கடலில் 5 பாகைக் குளிரில், 90 சதவீத ஈரப்பதத்தில் வெளியே 0.8தான், வித்தியாசம் 4.5. நம் வடகிழக்குப் பருவமழையில் 28 பாகை, அதே 90 சதவீதம் என்றால் வெளியே 3.4, வித்தியாசம் 1.9. பாதிகூட இல்லை. இதற்கு மேல் துணியின் வெளிமுகம் மழையில் ஊறிவிட்டாலோ, உப்பும் மீன்கொழுப்பும் படிந்துவிட்டாலோ அந்த 1.9க்கும் வழி அடைபடும். அங்கே சரியாக வேலை செய்யும் துணி இங்கே கிட்டத்தட்டப் பழைய ரப்பர் கோட்டாகிவிடுகிறது. பறியின் இடைவெளி இந்தக் கணக்கை மட்டும் நம்பியதில்லை. அங்கே ஆவியைக் கொண்டுபோவது அழுத்த வித்தியாசம் மட்டுமல்ல, வீசும் காற்றும்தான்.

நெசவாளர்களால் முடியவில்லை, அதனால்தான் செய்யவில்லை என்று ஒருவர் வாதிடலாம். வாதத்தில் கொஞ்சம் வலு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உள்ள ஷெர்லி ஆய்வகம் வென்டைல் என்ற பருத்தித் துணியை உருவாக்கியது. நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தது அது. நனைந்ததும் நூல் உப்பித் தன் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். கடலில் விழுந்த விமானிகளைக் காப்பாற்ற அதை உடையாக்கினார்கள். காஞ்சி நெசவாளரின் குழித்தறியில் அந்த நெருக்கம் வராது என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நெருக்கமான நெசவு ஒன்றுதான் வழியா? மெழுகுச்சீலை என்ற சொல் நம் அகராதியில் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் துணிப்பொதிகளை மெழுகேற்றிய துணியில் சுற்றித்தான் கப்பலேற்றினார்கள். காஞ்சித் துணியை மழையிலிருந்து காக்கத் துணியாலேயே ஓர் உறை இருந்தது. அந்த உறையை மனிதர் மேல் போர்த்தும் யோசனைதான் எடுபடவில்லை. அது கைத்திறன் குறையால் நேர்ந்ததல்ல. மெழுகுச்சீலையைப் போர்த்திக்கொண்டு ஒரு நாழிகை வலை இழுத்துப் பார்த்த எவரும் மறுநாள் அதைத் தேடியிருக்க மாட்டார்.

காஞ்சி நெசவாளர் மழையை அறியாதவரும் அல்ல. மழையோடு அவருக்கு இருந்த பகை மீனவருக்கு இருந்ததைவிடக் குறைவில்லை. பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வெயில் வேண்டும். தூறல் விழுந்தால் சுருட்டி எடுக்க வேண்டியதுதான். குழித்தறியின் குழியில் கார்த்திகை மாதம் நீர் ஊறும். கால்மிதி ஈரத்தில் நிற்கும், பட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பட்டு தன் எடையில் நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரத்தை இயல்பாகவே ஏற்கும். பருத்தி எட்டு பங்குக்குச் சற்று மேல். பாலியெஸ்டர் அரைப் பங்குகூட இல்லை. இழையின் இழுவை மாறினால் புடவையின் உடலையும் கரையையும் கோக்கும் கோர்வை நெசவில் இரண்டும் ஒட்டி உட்காராது. அப்போது என்ன செய்தார்கள்? காத்திருந்தார்கள். கரையிலும் அப்படித்தான்: கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கட்டுமரத்தை மணலில் ஏற்றிவிட்டு வலை முடைந்தார்கள். மழைச்சட்டையின் வேலையில் பாதியை நாட்காட்டி செய்தது. அந்த நாட்களின் பசியை நான் மறைக்கவில்லை. தறி நின்றால் கூலி இல்லை, மரம் கரையேறினால் கஞ்சி இல்லை.

குளிரைப் பற்றிய மறுப்புத்தான் வலிமையானது. வெப்பநாடு என்று நான் பேசினாலும், சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் தொடக்கத்திலேயே இடையர்கள் கையில் கொள்ளியோடு கூடி நின்று நடுங்குகிறார்கள். ஈர உடம்பில் இரவுக் காற்று பட்டால் 25 பாகையிலும் பல் கிட்டும். இதற்கு என் பதில், பழைய ஏற்பாடு குறுகிய வேலைக்கானது என்பதே. கட்டுமரம் இரவில் போய்க் காலையில் திரும்பும்; இடையன் மாலையில் தீ மூட்டுவான். 1950களிலிருந்து விசைப்படகு வந்து அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. இன்று ஆழ்கடலில் பத்து நாள், பதினைந்து நாள் தங்கும் தொழிலாளிக்குக் காத்திருக்கும் வசதி இல்லை, மூட்ட நெருப்பு இல்லை, ஓலைக்குடையைப் பிடிக்கக் காலி கை இல்லை. அவருக்கு மழைக்கோட்டு வேண்டும். இதில் பழம்பெருமை பேசுவது பாவம். ஆனால் எந்தக் கோட்டு என்பதில் பறியும் கொங்காணியும் இன்னும் பேசத் தகுந்தவை. உடம்போடு ஒட்டும் விலையுயர்ந்த சவ்வைவிட, அக்குளிலும் முதுகிலும் காற்றுத்திறப்பு வைத்த, தொளதொளப்பான, கழுவினால் உப்புப் போகும் சாதாரணப் பூச்சுத்துணி நம் கடலுக்கு ஏற்றது. உள்ளே தடித்த பருத்தி வேண்டாம். சீக்கிரம் உலரும் மெல்லியது போதும். அதற்கு மேல் போட வேண்டியது உயிர்காப்பு மிதவைச்சட்டை. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். கடலில் விழுந்தவருக்கு எந்த மழைக்கோட்டும் உதவாது. 2017இல் ஒக்கிப் புயலில் போன குமரிக் கரை உயிர்களை நினைத்தால், கோட்டுக்கும் மிதவைக்கும் நடுவே காசு பற்றாதபோது எதை முதலில் வாங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

காஞ்சித் துணிக்குப் பாதுகாப்பு உண்டு. பட்டுப்புடவைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பழைய புடவைகள் பெட்டியிலும் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அந்தத் துணியோடு சரிபாதி வேலை செய்த ஓலை மட்கிப் போகும் பொருள். பரணில் கிடக்கும் கடைசிக் குடையையும் கரையான் தின்றுவிடும். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ ஒரு தாழங்குடையோ, ஓலைத்தொப்பியோ, முதுகுப்பாயோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நீள அகலத்தை அளந்து, எப்படி முடைந்திருக்கிறது என்று படம் எடுத்து, முடைந்தவர் எந்த ஊர், என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பதை எழுதி வையுங்கள். கொங்காணி மடிக்கத் தெரிந்த பாட்டி இருந்தால், ஒரு சாக்கைக் கையில் கொடுத்து மடித்துக் காட்டச் சொல்லுங்கள்.