அடுத்தவர் போட்ட ஒயர்

2004 ஜூலை. லண்டனில் ஒரு வீட்டின் சமையலறை. சுவரில் கரண்டி மாட்டுகிற உலோக ஸ்டாண்டு ஒன்று. அதில் 34 வயதுப் பெண்மணி ஒருவரின் கை பட்டது. அவ்வளவுதான். மின்சாரம் தாக்கி இறந்துபோனார்.

தினசரியில் நாலு வரிச் செய்தியாகப் போயிருக்க வேண்டியது. போகவில்லை. காரணம், இறந்தவரின் தாயார் ஜென்னி டாங். லிபரல் டெமாக்ரட் கட்சியின் பார்லிமெண்ட் உறுப்பினர். அடிப்படையில் டாக்டரும்கூட.

விசாரணையில் வெளிவந்த விஷயம் ரொம்பச் சாதாரணமானது. பயமுறுத்துவதும் அதுதான். சுவருக்குள் ஒயர் போக ஓர் ஒழுங்கு உண்டு. சுவிட்சிலிருந்தோ பிளக் பாயிண்டிலிருந்தோ நேர் மேலே போகலாம், நேர் கீழே போகலாம், பக்கவாட்டில் நேர்கோடாகப் போகலாம். ஆணி அடிக்க வருகிறவன் சுவிட்சைப் பார்த்தே உள்ளே எங்கே ஒயர் இருக்கும் என்று ஊகித்துக்கொள்வதற்கு அது ஒன்றுதான் வழி. அந்தச் சமையலறையில் சிம்னிக்குப் போன ஒயரைக் குறுக்காக, மூலைவிட்டமாக இழுத்துப் பூசி மறைத்திருந்தார்கள். கொஞ்சம் ஒயர் மிச்சம், கொஞ்சம் நேரம் மிச்சம். பின்னாளில் ஸ்டாண்டு மாட்ட முடுக்கிய ஸ்குரூ, ஒயரின் மேல்தோலைப் பதம் பார்த்துவிட்டது. ஸ்டாண்டு முழுக்க மின்சாரம் ஏறிவிட்டது.

இந்த ஒயரிங்கை யாராவது சோதித்தார்களா? சோதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்ததா?

இல்லை. 2004 வரை இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்கு ஒயரிங் செய்ய எந்த லைசென்ஸும் தேவையில்லை. கேஸ் இணைப்பைத் தொட வேண்டுமென்றால் 1991 முதல் பதிவு கட்டாயம். மின்சாரத்துக்கு அது கிடையாது. ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பவரெல்லாம் எலெக்ட்ரீஷியன்.

விதிகளே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஏராளமாக இருந்தன. 1882-லேயே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மின்விளக்கு அப்போது புதுப் பணக்காரர்களின் பொம்மை. அதைக் கண்டு முதலில் பயந்தது அரசாங்கமல்ல, தீ விபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். வீடு எரிந்தால் பணம் கொடுக்கப்போவது அவர்கள்தானே! ஃபீனிக்ஸ் கம்பெனியின் மஸ்கிரேவ் ஹீஃபி தனியாக ஒரு விதித்தொகுப்பு போட்டார். அதே ஆண்டு தந்திப் பொறியாளர்கள் சங்கமும் ஒரு கமிட்டி அமைத்து விதிகள் வெளியிட்டது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்ஸன், தபால் துறையின் வில்லியம் ப்ரீஸ், வில்லியம் க்ரூக்ஸ் எல்லாம் அந்தக் கமிட்டியில் இருந்தார்கள். (லண்டனில் மின்விளக்கு எரிந்த முதல் சில வீடுகளில் க்ரூக்ஸின் வீடும் ஒன்று.) மொத்தம் 4 பக்கம். இன்று பி.எஸ். 7671 என்ற பெயரில் தலையணை கனத்தில் இருக்கும் புத்தகத்தின் கொள்ளுத் தாத்தா அதுதான்.

எல்லாம் சரி, அது சட்டமல்ல. நல்லவர்கள் பின்பற்றினார்கள். 1956-ல் ஒயரிங் கான்ட்ராக்டர்களைச் சோதித்துப் பதிவு செய்ய ஒரு கவுன்சில் வந்தது. அதுவும் விரும்பினால் சேரலாம் ரகம்.

வேலை முடிந்ததும் தருகிற சான்றிதழைப் பார்த்தால் ஒரு சுவாரசியம் தெரியும். அதில் மூன்று கையெழுத்துக்கு இடம் உண்டு. திட்டமிட்டவர், ஒயர் போட்டவர், சோதித்தவர். மூவரும் ஒருவரே என்றால் பிரச்னையில்லை. ஒயர் போட்டவர் ஊரிலேயே இல்லை, வேறொருவர் வந்து கையெழுத்திட வேண்டும் என்றால்?

2005 ஜனவரி 1 முதல் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு முளைத்தது. அன்றுதான் கட்டட விதிகளில் 'பார்ட் பி' அமலுக்கு வந்தது. டாங்கின் மகள் இறப்பதற்கு முன்பே தயாராகிக்கொண்டிருந்த விதி அது. பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் தன் வேலைக்குத் தானே சான்று தரலாம். மற்றவர்கள் கவுன்சிலுக்குச் சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டும், கவுன்சில் சோதிக்கும். காகிதத்தில் கச்சிதம். ஆனால், கவுன்சில்களிடம் அதற்கு ஆள் ஏது? ஒரு எலெக்ட்ரீஷியனைப் பிடித்துச் சான்றிதழ் வாங்கி வாருங்கள் என்று வீட்டுக்காரரையே திருப்பியனுப்பின பல கவுன்சில்கள். எலெக்ட்ரீஷியனிடம் போனால் அவர் கையை விரித்தார். அவருடைய பதிவு அவர் வேலைக்கு மட்டும்தான் செல்லும். எவனோ போட்ட ஒயருக்கு நான் எப்படி சார் கையெழுத்து போடுவேன்?

நியாயமான கேள்வி. பி.காம். படித்த எனக்கு இந்த இடத்தில் 1896-ம் வருடத்து கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்குதான் ஞாபகத்துக்கு வரும். ஆடிட்டிங் பாடத்தில் எங்கள் தலைமுறை மனப்பாடம் செய்த வழக்கு. ஆடிட்டர் காவல் நாய், மோப்ப நாய் அல்ல என்றார் நீதிபதி லோப்ஸ். அடுத்தவன் எழுதிய கணக்கில் கையெழுத்திடுகிற ஆடிட்டருக்குப் புரட்டிப் பார்க்க வவுச்சராவது உண்டு. எலெக்ட்ரீஷியனுக்கு என்ன உண்டு? பெயிண்ட் அடித்த சுவர்.

அவரிடம் மீட்டர் இருக்கிறது, உண்மைதான். 500 வோல்ட் செலுத்தி இன்சுலேஷனைச் சோதிப்பார். 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் தவறு என்று சொல்லிவிடுவார். எர்த் சரியா என்று பார்ப்பார். ஆனால், ஒயர் நேராகப் போகிறதா, குறுக்கே போகிறதா என்று அந்த மீட்டர் சொல்லாது. லண்டன் சமையலறையில், ஸ்குரூ ஏறுவதற்கு முதல் நாள் ஒருவர் வந்து சோதித்திருந்தால், அந்தக் குறுக்கு ஒயர் பாஸாகியிருக்கும். அதைப் பிடிக்க ஒரே நேரம்தான் உண்டு. பூசுவதற்கு முன்னால்.

2008-ல் விதிப்புத்தகத்தின் 17-வது பதிப்பு வேறு பக்கமிருந்து வந்தது. சுவருக்குள் 50 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் ஒயர் பதித்தால், பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.டி. கருவி வேண்டும். யார் கையெழுத்திட்டாலும் சரி, இடாவிட்டாலும் சரி, ஆளைக் காப்பாற்ற அது ஓரளவு உதவும்.

கையெழுத்துச் சிக்கலுக்குப் பதில் 2013-ல் வந்தது. அடுத்தவர் வேலைக்கும் சான்று தரலாம், 'மூன்றாம் நபர் சான்றாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொண்டால். முக்கியமான நிபந்தனை, வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே அவரை அமர்த்திவிட வேண்டும். எல்லாம் முடிந்து, சுண்ணாம்பும் காய்ந்த பிறகு கூப்பிடுகிற வேலையெல்லாம் ஆகாது. அப்போதும் அவர் தருவது மூன்று கையெழுத்துச் சான்றிதழ் அல்ல. 'நிலை அறிக்கை' மட்டும்தான். இப்படிப் போட்டார்கள் என்பதற்கு அவர் பொறுப்பில்லை, இன்று இப்படி இருக்கிறது என்பதற்குத்தான் பொறுப்பு. அந்தப் படிவத்திலேயே ஒரு வரி அச்சடித்திருக்கும்: சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்திருக்கும் ஒயர்களை, தனியாகப் பேசிக்கொண்டால் ஒழிய, பார்க்கவில்லை.

அதே 2013 திருத்தம் இன்னொரு காரியமும் செய்தது. செலவைக் குறைக்கிறோம், கெடுபிடியைக் குறைக்கிறோம் என்று, முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலை இங்கிலாந்தில் சுருக்கினார்கள். புது சர்க்யூட் போட்டால் சொல்ல வேண்டும். ஃப்யூஸ் போர்டை மாற்றினால் சொல்ல வேண்டும். குளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கை வைத்தால் சொல்ல வேண்டும். இருக்கிற சர்க்யூட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து சிம்னிக்குக் கொடுப்பது போன்ற சமையலறை வேலைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.